டர்போ டீசல் எஞ்சினில் திறன் குறைவு: காரணம் காணும் முறை

சரக்கேற்றும் லாரிகள், பேருந்துகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரங்கள், மின்சாரம் தடைப்படும்போது மருத்துவமனைகளுக்கு ஒளி தரும் ஜெனரேட்டர்கள், டிராக்டர்களில் ஒரு பகுதி ஆகியவை இன்று டர்போசார்ஜர் பொருத்திய டீசல் எஞ்சின்களால் இயங்குகின்றன. இவ்வெஞ்சின்களைக் குறித்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. “வண்டி இழுக்கவில்லை” என்பதே அது. எஞ்சின் உடனே கிளம்புகிறது. வெறுமையாக ஓடும்போது குற்றம் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் பாரம் ஏறியபின் மேட்டில் வேகம் தளர்கிறது, கியர் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகிறது.

இக்குறை தோன்றியவுடன் பல இடங்களில் முதலில் செய்யப்படும் வேலை, டீசல் பம்பின் திருகைத் திருப்பி எரிபொருளைக் கூட்டுவதாகும். அதனால் குறை தீராவிடின் டர்போசார்ஜரைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டுகின்றனர். முதல் வேலை எஞ்சினுக்குக் கேடு. இரண்டாவது உடையவரின் கைப்பொருளுக்குக் கேடு. கடன் வாங்கி ஒரே லாரி வைத்துப் பிழைக்கும் ஒருவருக்குத் தேவையற்ற ஒரு பழுதுபார்ப்பு, பல வாரங்களின் வருவாயை விழுங்கிவிடும். உண்மைக் காரணமோ பெரும்பாலும் மிக எளியதாக இருக்கும்: தூசி அடைத்த ஒரு வடிகட்டி, தளர்ந்த ஒரு கிளிப்பு, வெடித்த ஒரு ரப்பர்க் குழாய். முறையாகத் தேடினால் இவை சில நாழிகையில் அகப்படும்.

திறன் எங்கிருந்து வருகிறது?

அரிக்கேன் விளக்கின் திரியை அளவுக்கு மீறி உயர்த்தினால் ஒளி கூடுவதில்லை, கண்ணாடி கறுக்கிறது. மண்ணெண்ணெய் மிகுந்தது, ஆனால் அதனை எரிப்பதற்கான காற்று மிகவில்லை என்பதே காரணம். டீசல் எஞ்சினிலும் நிகழ்வது இதுவே. ஒரு கிலோகிராம் டீசல் எண்ணெய் முற்றிலும் எரிவதற்குச் சுமார் 14.5 கிலோகிராம் காற்று தேவை. எண்ணெய்த் துளிகள் காற்றுடன் கலப்பதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியதாகையால், நடைமுறையில் இதற்கும் மேலாக, ஏறத்தாழ 20 கிலோகிராம் காற்றேனும் இருந்தால்தான் புகையின்றி எரியும். ஆகவே எஞ்சின் எவ்வளவு எண்ணெயைப் பயனுள்ள வகையில் எரிக்க முடியும் என்பதை முடிவுசெய்வது அதற்குள் செல்லும் காற்றின் எடையேயாகும்.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். 6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உருளைகள் நிரம்புவதால், நிமிடத்துக்கு 1,000 முறை, அதாவது 6,000 லிட்டர் காற்று உட்செல்லும். 30 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தில், இக்காற்றின் எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். இருபதுக்கு ஒன்று என்ற வீதத்தில் இது 350 கிராம் டீசலை எரிக்கும். உட்செல்லும் காற்றின் அழுத்தத்தை இரட்டித்துக் குளிரவும் வைத்தால், அதே உருளைகளில் ஏறத்தாழ 13 கிலோகிராம் காற்று அடங்கும். 650 கிராம் டீசல் எரியும். எஞ்சினின் பருமன் மாறாமலே அதன் திறன் இரு மடங்கை நெருங்குகிறது.

காற்றை இவ்வாறு அழுத்தி ஊட்டும் கருவியே டர்போசார்ஜர். உருளைகளிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. வீணாகும் வெப்பத்தின் ஒரு பகுதி இவ்வாறு பயனாகிறது. இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்பிரட் பியூக்கி. இருபது ஆண்டுகள் கழித்தே அது கப்பல் எஞ்சின்களில் வெற்றி கண்டது. இன்றைய லாரி எஞ்சினில் இச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரையிலும் சுழல்கின்றன.

இந்தியாவில் டர்போ டீசலைப் பெருமளவில் பழக்கப்படுத்தியது ரயில்வே எனலாம். வாராணசியிலுள்ள டீசல் எஞ்சின் தொழிற்சாலை 1964ஆம் ஆண்டு முதல் கட்டி வெளியிட்ட டபிள்யூ.டி.எம்.2 வகை எஞ்சின், 16 உருளைகளும் 2,600 குதிரைத்திறனும் உடையது. பின்னர் அதே பருமனுள்ள 16 உருளைகளைக் கொண்டே, டர்போசார்ஜரையும் காற்றுக் குளிர்விப்பையும் திருத்தியமைத்து, 3,100 குதிரைத்திறன் பெறப்பட்டது. காற்றின் அளவே திறனின் அளவு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

தேடலுக்கு முன் இரு கேள்விகள்

முதற் கேள்வி: குறை எஞ்சினில்தான் உள்ளதா? முற்றிலும் விடாது பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கு, வழுக்கும் கிளட்சு, காற்றிறங்கிய டயர், வழக்கத்துக்கு மீறிய பாரம் ஆகியவையும் வண்டியைத் தளரச் செய்யும். சிறிது தூரம் ஓடியபின் சக்கரக் குடங்களைத் தொடாமல் அருகில் கைவைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பது பிடிக்கும் பிரேக்கைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சினின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிடில், குற்றம் கிளட்சில் உள்ளது.

இரண்டாம் கேள்வி: பாரத்துடன் ஓடும்போது புகை எந்நிறம்? இதற்கு விடை தெரிந்தால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

கரும்புகை வந்தால், எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். காற்று வரும் வழியில் தேடவேண்டும். அது சரியாக இருந்தால், எண்ணெயைத் தூவும் இன்ஜெக்டர்களைப் பார்க்கவேண்டும். புகை ஏதுமின்றித் திறன் மட்டும் குறைந்தால், எண்ணெய் போதவில்லை என்று பொருள். எரிபொருள் வரும் வழியில் தேடவேண்டும். வெண்புகை எரியாத எண்ணெயையோ உருளைக்குள் கசியும் குளிர்நீரையோ குறிக்கும். ரேடியேட்டரில் நீர் குறைந்துவருகிறதா என்பதைக் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியலாம். நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதன் அடையாளம்.

புதிய வண்டிகளில் புகையடையாளம் முழுமையாகப் பயன்படாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை விதிகளுக்கு ஏற்பக் கட்டப்பட்ட எஞ்சின்களில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், உள்ளே கரி மிகுந்தாலும் வெளியே புகை தெரியாது. அங்கே மின்னணுக் கருவி பதிந்துவைத்துள்ள பிழைக் குறியீடுகளை முதலில் படிப்பது நன்று. எனினும் அக்குறியீடு “அழுத்தம் குறைவு” என்று கூறுமேயன்றி, அது ஏன் குறைந்தது என்பதைக் கூறாது. அதற்குரிய தேடல் பழைய எஞ்சினுக்கும் புதிய எஞ்சினுக்கும் ஒன்றேயாகும்.

காற்று வரும் வழி

காற்று செல்லும் பாதையை, வெளிவாயில் தொடங்கி உருளை வரை, வரிசையாகப் பின்பற்றவேண்டும். முதலில் நிற்பது காற்று வடிகட்டி. தூசி நிறைந்த வடிகட்டியைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்வது சரியன்று. அதன் தடையை அளக்கவேண்டும். பல எஞ்சின்களில் இதற்கெனச் சிறு காட்டி உண்டு. தடை மிகுந்தால் அதில் சிவப்பு தோன்றும். காட்டி இல்லாவிடில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில ‘யூ’ எழுத்தின் வடிவில் வளைத்துப் பாதி நீர் ஊற்றி, ஒரு முனையை வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள துளையில் இணைத்தால் போதும். பெரிய எஞ்சின்களில், முழுப் பாரத்தில் இரு நீர்மட்டங்களின் வேறுபாடு 635 மில்லிமீட்டரை எட்டினால் வடிகட்டியை மாற்றவேண்டும் என்பது பொது வழக்கு. அந்தந்த எஞ்சினுக்குரிய அளவைத் தயாரிப்பாளரின் கைந்நூலில் காணலாம். வடிகட்டியைத் தட்டித் தட்டித் தூசி உதிர்ப்பதும், மிகு அழுத்தக் காற்றால் ஊதுவதும் அதன் தாளைக் கிழிக்கும். கிழிந்த வடிகட்டி, அடைத்த வடிகட்டியைவிடத் தீயது.

வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால், அவ்வழியே தூசி உறிஞ்சப்படும். அத்தூசி அழுத்தும் சக்கரத்தின் இதழ்களையும், பின்னர் பிஸ்டன் வளையங்களையும் அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும். இப்பகுதியின் உட்புறத்தில் தூசிக்கோடு தென்பட்டால் கசிவு அங்கேயே உள்ளது.

டர்போவுக்கு அப்பால் நிலைமை மாறுகிறது. அங்கே காற்று அழுத்தத்துடன் இருப்பதால், கசிவு உள்ளிழுப்பதில்லை, வெளித்தள்ளுகிறது. குழாய் மூட்டுகளில் எண்ணெயும் தூசியும் கலந்த கறை படிந்திருப்பதும், பாரத்தில் ‘உஸ்’ என்ற ஓசை எழுவதும் இதன் அடையாளங்கள். அழுத்தப்பட்ட காற்று 120 டிகிரி வரை சூடேறும். அதனைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் வெளியே சேறும் பூச்சியும் அடைத்தாலும், உள்ளே விரிசல் விழுந்தாலும் காற்றின் எடை குறையும். 120 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் குளிரும் காற்று, அதே அழுத்தத்தில், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக எடை மிகுந்ததாகிறது. இன்டர்கூலரை நீர் பாய்ச்சிக் கழுவுவது இவ்வளவு பயன் தரக்கூடிய வேலையாகும்.

இவ்விடத்தில் ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். லாரி ஒன்றில், முன்னர் மேடேறும்போது அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் காட்டியது. இப்போது அரை கிலோகிராம் மட்டுமே காட்டுகிறது. மானி பாதியானதால் திறனும் பாதியாயிற்று என்று எண்ணக்கூடாது. மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே. வளிமண்டல அழுத்தமும் ஏறத்தாழ 1 கிலோகிராம். ஆகவே மொத்த அழுத்தம் 2 என்பதிலிருந்து 1.5 ஆகக் குறைந்துள்ளது. காற்றும் அதனோடு திறனும் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. காரணம், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில் இரு விரல் நீளமுள்ள வெடிப்பு. எஞ்சின் வெறுமையாக ஓடும்போது வெடிப்பு மூடியிருக்கும்; பாரத்தில் அழுத்தம் ஏறும்போதே திறக்கும். நின்ற நிலையில் மேலோட்டமாகப் பார்த்தவர்கள் கண்ணுக்கு இது புலப்படாததில் வியப்பில்லை. குழாயைக் கையால் வளைத்துப் பார்ப்பதும், எஞ்சினை நிறுத்திவிட்டு வழியை அடைத்துக் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோப்புநீர் தடவிப் பார்ப்பதுமே இதற்குரிய சோதனைகள்.

எரிபொருள் வரும் வழி

புகையின்றித் திறன் குறையும்போது தேடவேண்டிய இடங்கள் வேறு. மிதியை முழுதும் அழுத்தியபோது பம்பின் நெம்புகோல் கடைசி வரை செல்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். மடங்கிய தரைவிரிப்பு ஒன்று மிதியைத் தடுப்பதும் உண்டு. அடுத்து, டீசல் வடிகட்டியும் அதனடியில் சேரும் நீரும். டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துளை. டாங்கியிலிருந்து வரும் குழாயில் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு. டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்தியவுடன் திறன் மீண்டால், அடைபட்டது காற்றுத் துளையே.

டர்போ எஞ்சினுக்கே உரிய மற்றொரு காரணம் உண்டு. பம்பைக் கொண்ட பழைய வகை எஞ்சின்கள் பலவற்றில், காற்றழுத்தம் ஏறிய பிறகே கூடுதல் எண்ணெயை அனுமதிக்கும் ஒரு தடுப்பு அமைந்துள்ளது. காற்று வழியிலிருந்து பம்புக்குச் செல்லும் ஒரு மெல்லிய குழாய் அதற்குச் செய்தி கொண்டுசெல்கிறது. இக்குழாய் முறிந்தால், டர்போ நன்றாக அழுத்தினாலும் பம்புக்கு அது தெரியாது. எண்ணெயைக் குறைத்தே கொடுக்கும். புகை இல்லை, திறனும் இல்லை. சிறு குழாயைப் பார்க்கத் தவறியவர்கள் பெரிய பம்பைக் கழற்றியிருக்கிறார்கள். புதிய எஞ்சின்களில் இவ்வேலையை ஓர் அழுத்த உணரி செய்கிறது. அதன் முனையில் கரி படிந்தால் இதே விளைவு ஏற்படும்.

புகை வெளியேறும் வழி

டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் வாயு. அது டர்போவை அடையுமுன் மேனிபோல்டு மூட்டில் கசிந்தால், சக்கரத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் குறையும். மூட்டருகே கருங்கோடு படிந்திருக்கும். டர்போவைக் கடந்தபின் சைலன்சர் நசுங்கியோ அடைத்தோ இருந்தால், எதிர் அழுத்தம் சக்கரத்தைத் தளர்த்தும். ஆறாம் நிலை எஞ்சின்களில் கரி வடிகட்டி அடைவது இவ்வகையைச் சேர்ந்தது. சேர்ந்த கரி எரிந்து தீர நீடித்த வெப்பம் வேண்டும். நகருக்குள்ளேயே சிறு தூரம் ஓடி நிற்கும் வண்டிகளில் அவ்வெப்பம் கிடைப்பதில்லை. யூரியாக் கரைசல் தீர்ந்தால் எஞ்சின் தானே திறனைக் குறைத்துக்கொள்வதும் பழுதன்று. விதிப்படி அமைந்த ஏற்பாடாகும்.

டர்போவை ஆராய்தல்

மேற்கூறியவை யாவும் சரியென உறுதியான பின்னரே டர்போவைத் தொடவேண்டும். எஞ்சின் நின்று, முற்றும் ஆறிய பிறகு உள்வாயிற் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்க்கலாம். ஓடும் எஞ்சினின் வாயிலருகே கையையோ துணியையோ கொண்டுசெல்லவே கூடாது. சக்கரம் தடையின்றிச் சுழலவேண்டும். இதழ்கள் நுனி மழுங்காமலும் கூட்டில் உரசாமலும் இருக்கவேண்டும். தண்டு பக்கவாட்டில் சிறிது அசைவது குற்றமன்று; எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கும் தாங்கிகளில் அவ்வசைவு இயல்பு. முன்னும் பின்னும் அசைவு உணரப்பட்டால் அதுவே தேய்மானத்தின் அடையாளம். அழுத்தம் மிகாமல் வாயுவைத் திருப்பிவிடும் கதவு திறந்தபடி சிக்கிக்கொள்வதும், அதனை இயக்கும் கோல் அசையாமற் போவதும் அழுத்தக் குறைவுக்குக் காரணமாகலாம்.

ரயில்வே பணிமனைகளில் இதற்கு எளிய சோதனை ஒன்று வழக்கில் இருந்துவந்தது. எஞ்சினை நிறுத்தியபின் டர்போ எவ்வளவு நேரம் தானே சுழல்கிறது என்பதைக் காதால் கேட்டுக் கணக்கிடுவர். வழக்கத்தைவிட விரைவில் நின்றால் தாங்கியிலோ சக்கரத்திலோ குறை உண்டு.

டர்போ பெரும்பாலும் தானே கெடுவதில்லை; கெடுக்கப்படுகிறது. எண்ணெய் தாமதமாக வருவது, எண்ணெயில் அழுக்கு, எண்ணெய் திரும்பும் குழாயில் அடைப்பு, தூசி ஆகியவையே அதன் பகைகள். காற்றுப் பக்கத்தில் எண்ணெய் கசிந்தாலும், அடைத்த வடிகட்டியால் ஏற்பட்ட உறிஞ்சலே காரணமாயிருக்கலாம். இவற்றைத் திருத்தாமல் புதிய டர்போவை மாட்டினால் அதுவும் விரைவில் முன்னதன் வழியே செல்லும். புதிதாக மாட்டும்போது அதன் எண்ணெய் வாயிலில் தூய எண்ணெய் ஊற்றி, எண்ணெய் அழுத்தம் தோன்றும்வரை கிளப்பாமல் சுழற்றவேண்டும். கடும் வேலைக்குப் பின் எஞ்சினை உடனே நிறுத்தாமல் மூன்று நிமிடமேனும் வெறுமையாக ஓடவிடவேண்டும். இல்லையேல் சூடான தாங்கியில் நிற்கும் எண்ணெய் கருகிக் கெட்டிப்படும்.

உயரமும் வெப்பமும்

சில வேளைகளில் குறை எஞ்சினில் இல்லை, காற்றிலேயே உள்ளது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்ததில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். டர்போ தன் சுழற்சியைக் கூட்டி இவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்கிறது. எனினும் முற்றும் அன்று. வடநாட்டுக் கோடையில் 45 டிகிரி வெப்பத்தில் காற்று, 30 டிகிரியில் இருப்பதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தது. சமவெளியில் பதிந்த அளவைக் கொண்டு மலைமேல் ஓடும் எஞ்சினைக் குற்றவாளியாக்கலாகாது.

திருகைத் திருப்புவதன் தீமை

இனி, முதலில் கூறிய சிகிச்சையின் தீமை எளிதில் விளங்கும். காற்று குறைந்துள்ள எஞ்சினில் எண்ணெயைக் கூட்டினால், சிறிது திறன் ஏறுவதுபோல் தோன்றும். எரிவது நீண்டு, வெளியேறும் வாயுவின் வெப்பம் வரம்பைக் கடக்கும். பிஸ்டனின் தலை உருகலாம், வால்வுகள் கருகலாம், டர்போவின் சக்கரமும் தாங்கியும் சிதையலாம். எரியாத கரி மசகெண்ணெயில் கலந்து அதனைக் கெடுக்கும். பின்னர் ஒருநாள் கிழிந்த குழாய் கண்டறியப்பட்டு மாற்றப்பட்டாலும், கூட்டிவைத்த எண்ணெய் அப்படியே இருக்கும். எஞ்சின் தன் வலிமைக்கு மீறி உழைத்து விரைவில் தேயும். மின்னணு எஞ்சின்களில் நிரலை மாற்றித் திறன் கூட்டுவதும் இதற்கு ஒப்பானதே.

களப்பணியாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி, எஞ்சின் நலமாயிருக்கும்போதே அளவுகளைக் குறித்துவைப்பதாகும். வடிகட்டியின் தடை, முழுப் பாரத்தில் காற்றழுத்தம், ஒரு குறிப்பிட்ட மேட்டை ஏற எடுக்கும் நேரம், டீசல் செலவு ஆகிய நான்கையும் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால், குறை தோன்றும் நாளில் ஒப்பிடுவதற்கு அளவு ஒன்று கையிலிருக்கும். ஆசிரியர்கள் அரிக்கேன் விளக்கையும் நீர்க்குழாய் மானியையும் கொண்டே இப்பாடத்தின் பெரும்பகுதியை வகுப்பில் செய்து காட்டலாம். தொழிற்பயிற்சி மாணவன் திருப்புளியை எடுக்குமுன் மானியை எடுக்கப் பழகினால், அவனிடம் வண்டியை ஒப்படைப்பவரின் பொருளும் காக்கப்படும். எஞ்சினின் ஆயுளும் நீளும்.